கரியில் ஓடிய மதுரை பஸ்கள்

காரின் என்ஜினைப் பிரித்துக் கூடுதல் சக்தி வருகிற மாதிரி மாற்றிக் கட்ட ஆசைப்படும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பட்டறைக்குப் போனதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன் ஏறும்?" என்பதுதான். "இந்த என்ஜின் தினமும் ஓடுமா? எத்தனை ஆண்டு தாங்கும்?" என்று முதலிலேயே கேட்பவர்கள் குறைவு.

எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் மதுரையில் இந்தக் கேள்விகள் தலைகீழாக வந்தன. என்ஜினின் சக்தியில் பாதி போய்விடும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். மிச்சமிருக்கும் பாதியை வைத்துக்கொண்டு பஸ்ஸைத் தினமும் நேரத்துக்கு ஓட்டியாக வேண்டும். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது? இரண்டாம் உலகப் போரின்போது மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்த கரிவாயுக் கலத்தின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

நேரம் தவறாத பஸ்

டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1877-ல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். ரயில்வேயிலும் வங்கியிலும் பார்த்த வேலைகளை விட்டுவிட்டு மோட்டார் தொழிலுக்கு வந்தார். 1911-ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1912-ல் பஸ் ஓடத் தொடங்கியது. பிறகு சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் பெருகின. மேலவெளி வீதியில் இருந்த அதன் அலுவலகம் மதுரைக்காரர்களுக்கு ஓர் அடையாளமாகவே ஆனது. இன்றும் நகரின் ஒரு பகுதிக்கு டி.வி.எஸ். நகர் என்றுதான் பெயர்.

டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டி ஒன்று சாலையில் முன்னால் போகும் என்று இன்னொரு கதையும் உண்டு. இந்தக் கதைகள் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருபவை. ஆனால் ஒன்று தெளிவு. அந்த பஸ்களை மக்கள் வேகத்துக்காக மெச்சவில்லை, நேரம் தவறாததற்காக மெச்சினார்கள். சந்தைக்குப் போகிறவருக்கும் கோர்ட்டில் வாய்தா உள்ளவருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கும் பஸ் வந்தாக வேண்டும். அது மணிக்கு முப்பது மைலில் வந்ததா, நாற்பதில் வந்ததா என்பது இரண்டாவது விஷயம்.

பெட்ரோல் நின்றது

1939-ல் போர் தொடங்கியது. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசமானது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரலில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே பர்மாவின் யேனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளைத் தகர்த்துவிட்டுப் போனது. பர்மாவிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காடும் மலையும் நடந்து ஊர் திரும்பிய ஆண்டு அது. அவர்கள் விட்டுவந்த நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் அத்துடன் நின்றது. மலேயா விழுந்ததால் டயருக்கான ரப்பரும் அரிதானது.

பஸ் முதலாளிகளுக்கு முன்னால் இரண்டு வழிகள்தான். ஒன்று, கிடைக்கிற ரேஷன் பெட்ரோலுக்கு ஏற்றபடி சில பஸ்களை மட்டும் ஓட்டி, மற்றவற்றை நிறுத்துவது. இன்னொன்று, உள்ளூரிலேயே கிடைக்கும் எரிபொருளைத் தேடுவது. மதுரைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடக்கும் வறண்ட சமவெளிக்குக் கரிமூட்டம் போடும் தொழில் புதிதல்ல. கரி இருந்தது. ஆனால் கரியைக் கார்புரேட்டரில் ஊற்ற முடியாதே!

டி.வி.எஸ். நிறுவனம் அப்போதுதான் தன் பெயரிலேயே ஒரு கரிவாயுக் கலத்தை வடிவமைத்துத் தயாரித்தது. பழைய டயர்களுக்குப் புதிய ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் போர்க் காலத்தில் பிறந்ததுதான். எரிபொருள், டயர் என்று பஸ்ஸை நிறுத்தக்கூடிய இரண்டு தட்டுப்பாடுகளுக்கும் ஊருக்குள்ளேயே விடை தேடியிருக்கிறார்கள்.

கரி எப்படி என்ஜினை ஓட்டும்?

இந்த யோசனை மதுரையில் பிறந்ததல்ல. பிரான்சில் ஜார்ஜ் இம்பெர்ட் என்ற வேதியியலாளர் 1920-களிலேயே வண்டிகளுக்கான வாயுக் கலத்தை உருவாக்கியிருந்தார். போர்க் காலத்தில் ஜெர்மனி, ஸ்வீடன், பிரான்ஸ் முதலிய நாடுகளில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு உயரமான இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி அடியில் தீ மூட்டுவார்கள். காற்றைத் தாராளமாக விட்டால் கரி முழுவதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும், அது எரியாது. அதனால் காற்றை அளவாக மட்டும் விடுவார்கள். தீ எரியும் இடத்தில் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, பக்கத்திலேயே தணலாக இருக்கும் கரியைத் தொட்டதும் கார்பன் மோனாக்சைடாக மாறும். கரியில் இருக்கும் ஈரத்திலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனும் பிரியும். இவை இரண்டும் எரியக்கூடியவை. இந்த வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்தால் என்ஜின் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

விறகைவிடக் கரிக்கு ஒரு வசதி உண்டு. விறகை எரித்தால் தார் வரும். அது வால்வுகளில் பசை போல ஒட்டி என்ஜினை இறுக்கிவிடும். கரிமூட்டத்திலேயே பெரும்பாலான தார் வெளியேறிவிடுவதால் கரியில் அந்தத் தொல்லை குறைவு. அதற்குப் பதிலாகத் தூசும் சாம்பலும் அதிகம்.

பாதி சக்தி எங்கே போகிறது?

கரிவாயுவில் பாதிக்கும் மேல் நைட்ரஜன்தான். காற்றிலிருந்து சும்மா கூடவே வருகிற விருந்தாளி. எரியாது, இடத்தை மட்டும் அடைக்கும். எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடு கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை இருக்கும். ஒரு கன மீட்டர் கரிவாயுவில் உள்ள வெப்பம், அதே அளவு இயற்கை எரிவாயுவில் உள்ளதில் ஏழில் ஒரு பங்குதான்.

ஆனால் என்ஜினின் சக்தியும் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. இந்த இடம் கவனிக்க வேண்டியது. பெட்ரோல் ஆவி சிலிண்டரில் பிடிக்கும் இடம் மிகக் குறைவு, சுமார் இரண்டு சதவீதம். மீதி எல்லாம் காற்று. கரிவாயு எரியவோ தன் அளவுக்குச் சமமான காற்றே போதும். அதாவது சிலிண்டரில் பாதி வாயு, பாதி காற்று. இப்படிக் கலவையைக் கலவையோடு ஒப்பிட்டால், கரிவாயுக் கலவையின் வெப்பம் பெட்ரோல் கலவையைவிட மூன்றில் ஒரு பங்குதான் குறைவு.

பிறகு ஏன் பாதி சக்தி போகிறது? கரிப் படுகை, குழாய்கள், வடிகட்டி எல்லாவற்றின் வழியாகவும் என்ஜின் மூச்சிழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் சிலிண்டர் முழுதாக நிறைவதில்லை. வாயு சூடாக வந்தால் விரிந்து இன்னும் இடத்தை அடைக்கும். எல்லாம் சேர்ந்து 40 முதல் 50 சதவீதம் வரை சக்தி போய்விடும்.

அந்தக் காலத்து வண்டி ஒன்றை வைத்துப் பார்த்தால் இது புரியும். செவர்லே நிறுவனம் 1937-ல் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் என்ஜின் 216 கன அங்குலம், அதாவது சுமார் மூன்றரை லிட்டர். காரில் 85 குதிரைத்திறன். பாதி போனால் மிஞ்சுவது 45 பக்கம். அதை வைத்துக்கொண்டு ஒரு பஸ் நிறைய ஆட்களையும், கூரை மேல் மூட்டைகளையும், பின்னால் தொங்கும் இரும்புக் கலத்தையும், வழிச் செலவுக்கான கரி மூட்டைகளையும் இழுக்க வேண்டும். மதுரையிலிருந்து மேலூர் வரை சமவெளியில் அது நடக்கும். தேனிக்குப் போகும் பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இழந்ததை மீட்கும் வழிகள்

இங்கேதான் என்ஜின் கட்டுகிறவர்களின் வேலை ஆரம்பிக்கிறது. கைவசம் மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் இருந்தது.

முதல் வழி, கம்ப்ரஷனை உயர்த்துவது. அந்தக் காலத்து பெட்ரோல் என்ஜின்களின் கம்ப்ரஷன் விகிதம் ஆறு, ஆறரை பக்கம்தான். அன்றைய சாதாரண பெட்ரோல் அதற்கு மேல் தாங்காது, என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். கரிவாயுவுக்கு அந்தப் பயமில்லை. மிகவும் நெருக்கினாலும் தானாக வெடிக்காது. சிலிண்டர் ஹெட்டைச் சீவியோ வேறு பிஸ்டன் போட்டோ விகிதத்தை ஒன்பதுக்குக் கொண்டுபோனால், ஏட்டுக் கணக்கில் என்ஜினின் செயல்திறன் 51 சதவீதத்திலிருந்து 58-க்கு ஏறும். உண்மையான என்ஜினில் இவ்வளவு சதவீதம் வராது என்றாலும், உயரும் விகிதம் ஏறக்குறைய அதுதான். அதாவது ஏழில் ஒரு பங்கு லாபம்.

விலை? அழுத்தம் கூடினால் ஹெட் கேஸ்கெட், பேரிங், கிராங்க் எல்லாவற்றின் மேலும் சுமை ஏறும். அந்த செவர்லே என்ஜினில் பிஸ்டன் ராடுகளின் பேரிங்குகள் பாபிட் என்ற மெதுவான உலோகத்தால் ஆனவை. அவற்றுக்கு ஆயில் பம்ப் நேராக எண்ணெய் அனுப்புவதும் இல்லை. ராடின் அடியில் உள்ள சிறிய கரண்டி, சுற்றும்போது எண்ணெயை அள்ளிக்கொள்ளும். நிதானமாக ஓட்டினால் பல காலம் உழைக்கும் ஏற்பாடு அது. நெருக்கினால் முதலில் போவதும் அதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்ப்ரஷனை உயர்த்திவிட்டால் அந்த என்ஜின் மறுபடி பெட்ரோலுக்குத் திரும்ப முடியாது. ரேஷனில் கிடைக்கும் கொஞ்சம் பெட்ரோலை வைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்யலாம், மேட்டில் ஏறும்போது கை கொடுக்கும் என்றால், ஹெட்டைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம். கொஞ்சம் சக்தியை விட்டுக்கொடுத்துத்தான் அந்த உத்தரவாதத்தை வாங்க முடியும்.

இரண்டாவது வழி, டைமிங். கரிவாயு மெதுவாக எரியும். பெட்ரோலுக்கு வைத்த இடத்திலேயே ஸ்பார்க் அடித்தால், தீ பரவி முடிப்பதற்குள் பிஸ்டன் பாதி தூரம் கீழே இறங்கிவிடும். அதனால் ஸ்பார்க்கை 10 முதல் 15 டிகிரி வரை முன்னால் தள்ள வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் போதும், புதிய பாகம் எதுவும் வேண்டாம். செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது ஒன்றுதான். ஆனால் பெட்ரோலில் ஓடும்போது டைமிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்தால் என்ஜின் தட்டித் தட்டியே பிஸ்டனைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது வழி, வாயுவைக் குளிரவைப்பது. கலத்திலிருந்து வரும் வாயுவை நீண்ட குழாய்களில் சுற்றவிட்டால், வண்டி ஓடும்போது படும் காற்றே அதைக் குளிர்விக்கும். குளிர்ந்த வாயு சுருங்கும், சிலிண்டரில் அதிகம் நிறையும். ஸ்வீடனின் பனியில் இது சுலபம். சித்திரை வெயிலில், நிழலே நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் மதுரையில்? குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. குழாய் நீளநீள மூச்சிழுப்பதும் சிரமமாகும். இதிலும் ஒரு நடுவழி கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

இந்த மூன்றையும் சரியாகச் செய்தாலும் பெட்ரோலில் இருந்த சக்தி முழுவதும் திரும்ப வராது. மீதி குறையை கியர் பெட்டியும் பொறுமையும்தான் ஈடுகட்ட வேண்டும்.

தூசுதான் எதிரி

சக்தி குறைந்த பஸ் மெதுவாகவாவது ஊர் போய்ச் சேரும். தேய்ந்துபோன என்ஜின் போகாது. கரிவாயு வண்டிகளின் பெரிய பிரச்சினை சாம்பல்தான்.

கரித் தூசும் சாம்பலும் வாயுவோடு சிலிண்டருக்குள் போனால் எண்ணெயில் கலந்து உப்புத்தாள் போல வேலை செய்யும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்து, கம்ப்ரஷன் இறங்கும். ஏற்கெனவே பாதியாக இருக்கும் சக்தி அதிலும் பாதியாகும். கரண்டியால் எண்ணெயை அள்ளிப் போடும் என்ஜினில் அழுக்கு எண்ணெய் நேராக பேரிங்குக்கே போகும்.

ஆகவே கரிவாயுக் கலத்தின் தரம் என்பது பெரும்பாலும் வடிகட்டியின் தரம்தான். முதலில் வாயுவைச் சுழலவிட்டுக் கனமான தூசை அடியில் விழவைப்பார்கள். பிறகு நாரிலோ துணியிலோ செலுத்தி நுண்ணிய தூசைப் பிடிப்பார்கள். துணியைத் தினமும் உதற வேண்டும். ஈரமானால் அடைத்துக்கொள்ளும், சூடான வாயு பட்டால் கருகிவிடும். சாம்பலைத் தினமும் அள்ள வேண்டும். என்ஜின் எண்ணெயையும் பெட்ரோல் வண்டியைவிட அடிக்கடி மாற்ற வேண்டும்.

இந்த வேலைகளில் ஒன்றைக்கூட ஒருநாள் விட்டால் மறுநாளே தெரியாது. சில வாரங்கள் கழித்து வழியில் எங்கேயோ தெரியும். நல்ல கலத்தை யார் வேண்டுமானாலும் விலை கொடுத்து வாங்கலாம். அதைத் தினமும் சுத்தம் செய்கிற பணிமனை எல்லோரிடமும் இருக்காது. பல பஸ்களை ஓட்டி, அட்டவணை போட்டுப் பராமரித்துப் பழகிய ஒரு நிறுவனத்துக்கு இங்கேதான் சாதகம் இருந்தது.

கிளீனரின் கை

கரி பஸ்ஸின் காலைப்பொழுது நீளமானது. பொழுது விடிவதற்குள் கிளீனர் கலத்தைத் திறந்து சாம்பலை அள்ளி, கரி நிரப்பி, தீ மூட்டி, கைப்பிடியைச் சுற்றிக் காற்றடிக்க வேண்டும். வாயு சரியாக வருகிறதா என்று பார்க்க வெளிக்குழாயில் தீக்குச்சியைக் காட்டுவார்கள். நின்று நீலமாக எரிந்தால் என்ஜினுக்குத் திறக்கலாம். இதற்கெல்லாம் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் கரி வேண்டும் என்பதால், நடுவழியிலும் நிறுத்திக் கரி கொட்ட வேண்டியிருக்கும்.

ஆபத்தும் இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய கொட்டகைக்குள் கலம் கசிந்தால் முதலில் தலைவலி, பிறகு மயக்கம், கவனிக்காவிட்டால் உயிரே போகும். நூறு பேர் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்ததன் பின்னால், கரி படிந்த ஒரு கையும் இந்தக் காற்றைச் சுவாசித்த ஒரு நெஞ்சும் இருந்தன. என்ஜின் வரலாற்றில் இவர்களின் பெயர்கள் எழுதப்படுவதில்லை.

போருக்குப் பிறகு

பெட்ரோல் திரும்பியதும் கரிக் கலங்கள் கழற்றப்பட்டன. அதில் வியப்பில்லை. அடுத்து டீசல் வந்தது. 1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. டீசல் என்ஜின் பதினாறு மடங்குக்கும் காற்றை நெருக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி பேரிங்கும் கிராங்கும் ஹெட்டும் முதலிலிருந்தே கனமாகக் கட்டப்பட்டவை. செவர்லேயும் 1950-களின் நடுவில் கரண்டியை விட்டுவிட்டு, பம்ப் மூலம் பேரிங்குக்கு நேராக எண்ணெய் அனுப்பும் முறைக்கு முழுவதுமாக மாறியது.

சுந்தரம் அய்யங்கார் 1955-ல் மறைந்தார். 1972-ல் தமிழக அரசு அந்த பஸ்களை ஏற்று, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது.

இன்றைக்கு என்ன?

கரி பஸ் இனி வரப்போவதில்லை. ஆனால் அந்தக் கணக்கு திரும்ப வந்திருக்கிறது. 2023-ல் இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-க்குள் அதுவே நாடு முழுக்கப் பொதுவான பெட்ரோலாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பம் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே சமயம் அது தட்டாமல் அதிக கம்ப்ரஷனைத் தாங்கும். அதற்கென்றே கட்டிய என்ஜினுக்கு அது லாபம். பழைய என்ஜினுக்கு மைலேஜ் கொஞ்சம் குறையும், ரப்பர் பாகங்களையும் கவனிக்க வேண்டும். எரிபொருளை மாற்றினால் கம்ப்ரஷன், டைமிங், குழாய், பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது அன்றைய மதுரைப் பட்டறைகள் கண்ட உண்மைதான்.

சாலையில் ஓடும் காரின் என்ஜினைச் சக்திக்காக மாற்றிக் கட்ட நினைப்பவர்களுக்கும் இதுவே பாடம். (சட்டமும் ஒன்று உண்டு: மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.) எவ்வளவு சக்தி வேண்டும் என்பதற்கு முன்னால், எந்த எரிபொருள், எந்தச் சாலை, எவ்வளவு சுமை, தினமும் யார் கவனிப்பார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பேரிங்கும் எண்ணெயும் வடிகட்டியும் தாங்கும் அளவு என்னவோ, அதுதான் அந்த என்ஜினின் உண்மையான சக்தி. அதற்கு மேல் கூட்டியது எல்லாம் கடன். ஆண்டிபட்டிக் கணவாய் மாதிரி ஒரு மேட்டில் அது வட்டியோடு வசூலாகும்.

85 குதிரைத்திறன் 45 ஆன பிறகும் ஒரு பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது என்றால், அது முந்தின நாள் ராத்திரி பணிமனையில் துணி உதறி, எண்ணெய் பார்த்து, சாம்பல் அள்ளியவர்களின் வேலை. மதுரையின் கரி பஸ்களை நினைக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.